தொடை வழியாக ஸ்டென்ட்: எக்ஸ்ரே எவ்வளவு படும்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் 5.8 சென்டிமீட்டருக்கு வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாக ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்கு உள்ளே பொருத்தும் குழாய்) வைத்துவிடலாம் என்று புதுச்சேரியில் சொல்கிறார்கள். அதற்கு நெடுநேரம் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே செய்வார்களாம். ஏற்கெனவே இரண்டு முறை சி.டி. எடுத்தாயிற்று. இவ்வளவு கதிர்வீச்சு தாங்குமா? புற்றுநோய் வந்துவிடாதா? வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: குழந்தையைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இயந்திரத்தை நிறுத்தியதும் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். அப்பாவின் உடம்பில் எதுவும் தங்காது, அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. வீடு திரும்பிய அன்றே பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தொடையிடுக்குக் காயம் ஆறும்வரை தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் வேண்டாம்.

அடுத்தது அளவு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மீதும் கதிர்வீச்சு பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். வயிற்று சி.டி. ஒருமுறை எடுத்தால் ஏறக்குறைய 10. சிக்கலில்லாமல் முடியும் ஸ்டென்ட் சிகிச்சையில் பெரும்பாலும் 10 முதல் 25 வரை படும். அதாவது, ஒன்றிலிருந்து இரண்டரை சி.டி. அளவு. உடம்பு பருமனாக இருந்தாலோ, சிறுநீரகத்துக்குப் போகும் கிளைக்குழாய்களுக்கும் சேர்த்து ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தாலோ இது நன்றாகவே கூடும்.

20 மில்லிசீவர்ட்டால் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, எல்லா வயதினருக்கும் பொதுவான கணக்குப்படி, ஆயிரத்தில் ஒன்று. அப்படி வருவதற்கும் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால் 71 வயதில் அது இன்னும் குறைவு. இந்தப் பக்கம் 5.8 சென்டிமீட்டர் வீக்கத்தை வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 5.5 தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறோம். அது வெடித்தால் பலர் மருத்துவமனை வந்து சேர்வதே இல்லை. எக்ஸ்ரேக்குப் பயந்து தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் திறந்த அறுவை சிகிச்சையையும் ஸ்டென்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் நீண்டகால முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களிடம் புற்றுநோய் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. கதிர்வீச்சுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கேட்டால் திறந்த அறுவை சிகிச்சையைப் பற்றியும் அவரிடம் விரிவாகப் பேசுவேன். உங்கள் அப்பாவுக்கு இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

என் கவலையெல்லாம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கிற சி.டி.க்கள் மீதுதான். ஸ்டென்டின் அளவைக் கணக்கிட ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக எடுத்த படங்கள் கணினியில் வேண்டும். கடலூரில் எடுத்த சி.டி.க்கு பெரிய கவரில் ஃபிலிமை மட்டும் கொண்டுபோனால் அது இதற்கு உதவாது. மறுபடி எடுக்கச் சொல்லிவிடுவார்கள். ஸ்கேன் சென்டரில் கேட்டு, மெல்லிய துண்டுப் படங்கள் முழுவதையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஜிப்மருக்குப் போனாலும் தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு ஸ்கேன் மிச்சமாகும்.

அப்புறம், ஸ்டென்ட் வைத்தபின் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு உண்டு. ஆண்டுதோறும் சி.டி. எடுத்தால் பத்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட்டைத் தொட்டுவிடும். சிகிச்சையில் பட்டதைவிட அது பல மடங்கு. முதல் மாத சி.டி.யில் ஸ்டென்டைச் சுற்றி ரத்தக் கசிவு இல்லை, போகப்போக வீக்கமும் சுருங்கி வருகிறது என்றால், பலருக்கு ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனே போதும். அதில் எக்ஸ்ரேயும் இல்லை, ரத்தக்குழாய் படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டையும் இல்லை. “அடுத்த முறை டாப்ளர் போதுமா சார்?” என்று தயங்காமல் கேளுங்கள். வாயு மறைக்காமலிருக்க வெறும் வயிற்றோடு போக வேண்டும். நல்ல அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சி.டி. எடுத்தே ஆக வேண்டும், அப்போது மறுக்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் “ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு” என்று கண்ணில் படலாம். அது இந்த வேலையைத் தினமும் செய்கிற ஊழியர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் ஐந்தாண்டு சராசரி. நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது. தேவை இருக்க வேண்டும், முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. குறைப்பது மருத்துவர் கையில்: எக்ஸ்ரேயைத் தொடர்ச்சியாக இல்லாமல் இடைவெளி விட்டு விட்டுச் செலுத்துவது, டை செலுத்தி எடுக்கும் தொடர் படங்களைக் குறைப்பது, பார்க்கிற இடத்தைச் சுருக்கிக்கொள்வது. அப்பாவுக்கு ஈய உடை போடச் சொல்லிக் கேட்க வேண்டாம். அது படத்தில் குறுக்கே வந்தால் இயந்திரம் தானாகவே எக்ஸ்ரேயைக் கூட்டிவிடும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்ததும் திரையில் மில்லிகிரே (தோலில் பட்ட கதிர்வீச்சைக் கணிக்க உதவும் அலகு) கணக்கில் ஓர் எண் நிற்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். 5000-ஐத் தாண்டினால் தோலைக் கண்காணிக்க வேண்டும். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருப்பதால் எக்ஸ்ரே அதிகம் படுவது முதுகில். அப்பாவால் பார்க்க முடியாத இடம். குளிக்கும்போது நீங்கள் பாருங்கள். பத்து நாளிலிருந்து சில வாரங்களுக்குள், ஓரங்கள் நேராக வெட்டினாற்போல் சதுரமாகச் சிவந்தால் அது படையோ பூச்சிக்கடியோ அல்ல. தேய்க்காதீர்கள், கைமருந்து பூசாதீர்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் காட்டுங்கள். விவரம் தெரியாமல் வேறு எங்காவது அந்த இடத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்றால், அவரிடம் பேசாமல் சம்மதிக்க வேண்டாம். அந்தப் புண் ஆறாமல் போகலாம்.