கண்ணில் மினுக்குவது வெள்ளித் தூளா? கண் மருத்துவரிடம் சேலத்துக் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை: டாக்டர், எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. 5 வயதுப் பையனின் வலது கண்ணில் மினுமினுவென்று ஏதோ தெரிகிறது. வெள்ளித் தூள் விழுந்திருக்குமா?

தூள் விழுந்தால் உறுத்தும், சிவக்கும், பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். ஒன்றுமே சொல்லாமல் விளையாடுகிறான் என்றால் எனக்கு வேறு கவலை. கோட்ஸ் நோய் முற்றிய சில கண்களில், கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரில் கொலஸ்ட்ரால் படிகங்கள் மிதக்கும். விளக்கொளியில் பார்த்தால் அரம் போட்ட தூள் போலவே பளபளக்கும். தலையைச் சாய்த்தால் மெல்ல நகர்ந்து கீழே படியும்.

1908இல் ஜார்ஜ் கோட்ஸ் விவரித்த நோய் இது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் அங்கங்கே பல்பு போலப் புடைத்துக் கசிகின்றன. கசிவிலுள்ள கொழுப்பு விழித்திரைக்கு அடியில் தேங்கி, அதைப் பிரித்தே விடுகிறது. படிகம் முன்னால் வந்துவிட்டால் நோய் வெகுதூரம் போயிருக்கும். நாளைக்கே காட்டுங்கள். பட்டறையைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் மேல் தப்பில்லை.

ஓமலூர்: நெய், முட்டையை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வளரும் பிள்ளை, நன்றாகச் சாப்பிடட்டும்.

ஏற்காடு: ஃப்ளாஷ் போட்டோவில் பாப்பாவின் ஒரு கண் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து கீழே வரலாமா?

காத்திருக்காதீர்கள். கோணம் மாறினால்கூடச் சில நேரம் அப்படி விழும். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயிலும் கண்ணின் நடுவிலுள்ள கருவட்டம் இப்படி வெளுத்துத் தெரியும், அது உயிருக்கே ஆபத்து. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு தெரியும். புற்று இல்லை என்று உறுதியாகும் வரை கண்ணுக்குள் ஊசி போடக் கூடாது, செல்கள் வெளியே பரவிவிடலாம். திடீரென்று வந்த மாறுகண்ணுக்கும் இதே அவசரம்தான்.

ஆத்தூர்: பெரியவனுக்குக் கோட்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். சின்னவனுக்கும் வருமா? பார்வை திரும்புமா?

பொதுவாகக் குடும்பத்தில் தொடர்வதில்லை. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம், அதுவும் பெரும்பாலும் ஒரே கண்ணில். தொடக்கத்திலேயே லேசர் அல்லது உறைய வைக்கும் சிகிச்சையால் கசியும் குழாய்களை அடைத்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. முற்றிய பிறகு, கண் அழுத்தம் ஏறி வலிக்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. அப்புறம், நல்ல கண்ணுக்கு அடிபடாமல் இருக்க எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுவிடுங்கள், பவர் இல்லாவிட்டாலும்.