மூன்று விமானிகள் இருந்தும் விமானம் எப்படித் தவறான ஓடுபாதைக்குள் திரும்பும்?

திரும்பியிருக்கிறது. 2000 அக்டோபர் 31 இரவு, தைவானின் தைபே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747, புறப்படுவதற்காக ‘05 இடது’ என்ற ஓடுபாதைக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே வரும் ‘05 வலது’ ஓடுபாதை, பழுதுவேலைக்காக மூடப்பட்டிருந்தது. மூடியிருப்பது விமானிகளுக்கும் தெரியும். ஆனால் புயல் நெருங்குகிறது, கொட்டும் மழை, பக்கவாட்டில் வீசும் காற்று, புறப்பட அனுமதிக்கும் எல்லையைத் தாண்டுமோ என்ற கவலை. கவனமெல்லாம் வானிலையில். தரையில் வழிகாட்டும் பச்சை விளக்குகளைப் பின்தொடர்ந்து மூடிய பாதைக்குள் திரும்பிவிட்டார்கள். இரண்டும் இணைப் பாதைகள் என்பதால் திசைகாட்டியும் காட்டிக்கொடுக்காது.

என்னை உலுக்குவது அடுத்த நொடிகள்தான். போக வேண்டிய ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் கருவி உயிர்பெறவில்லை. அதைக் கவனித்துப் பேசவும் செய்தார்கள். ஆனால் கண்ணெதிரே ஓடுபாதை தெரிந்ததால் பொருட்படுத்தவில்லை. ஒருமுறை முடிவெடுத்த மனம், எதிரான தடயத்தை இப்படித்தான் ஒதுக்கிவிடும். மூவரும் ஒரே நம்பிக்கையில் இருந்தால் மூன்று பேர் இருந்தும் ஒருவர்தான்.

புறப்பட ஓடிய விமானம், அந்தப் பாதையில் நின்ற கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். பழியை விமானிகள்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. அந்தப் பாதையின் நுழைவாயிலில் ஒரு தடுப்புகூட வைக்கப்படவில்லை.