அவளே படிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை உண்டு. வீட்டில் படுகு பேசுகிறோம். பெரியவள் ஆங்கில மீடியத்தில் நான்காம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு வயது. இருட்டிவிட்டால் கரடி, சிறுத்தை பயத்தில் யாரும் வெளியே போவதில்லை. அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். "பெரியவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே, அவளே படிக்கட்டும், நீ படித்துக் காட்டினால் சோம்பேறியாகிவிடுவாள்" என்கிறார் கணவர். "ஆங்கிலப் புத்தகம் மட்டும் வாசியுங்கள், மொழியைக் கலந்தால் குழம்பிவிடுவாள்" என்கிறார் பள்ளியில் மிஸ். சின்னவனோ தினமும் ஒரே புத்தகத்தைத்தான் கேட்கிறான். நிறுத்திவிடலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கணவரும் அந்த மிஸ்ஸும் பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் இருவர் சொல்வதும் தவறு.

முதலில் கணவர் சொல்வதைப் பார்ப்போம். இன்று இரவு உங்கள் மகளிடம் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். "பார்த்துக்கொண்டிருந்தபோது" என்று ஒரு சொல் வரும். "பார்த்துக்" என்று நிறுத்துவாள். "கொண்" என்பாள். மூச்சு விட்டு "டிருந்த" என்பாள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள், யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிருக்கும். இது அவளுடைய குறை இல்லை. கற்கிற வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். எழுத்தைக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் போய்விடுகிறது. கதைக்கு மிச்சம் இருப்பதில்லை.

அதே கதையை நீங்கள் வாசியுங்கள். அதைவிட இரண்டு மடங்கு கடினமான கதையைக்கூட அவள் பின்தொடர்வாள், நடுவில் கேள்வியும் கேட்பாள். காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற அளவுக்குக் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளப் பல பிள்ளைகளுக்கு ஏழாம் எட்டாம் வகுப்பு வரை ஆகிவிடும் என்று வாசிப்பைப் பற்றி ஆராய்பவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதுவரை அவளுடைய அறிவுக்கு ஏற்ற கதையை அவள் கையில் கொண்டு சேர்க்க உங்கள் குரல் வேண்டும். "அவளே படிக்கட்டும்" என்று விட்டுவிட்டால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுக் கதைதான் கிடைக்கும். அதில் அவளுக்குச் சுவை இருக்காது. புத்தகம் என்றாலே சலிப்பு என்று பல பிள்ளைகள் முடிவுகட்டுவது இந்த வயதில்தான். அவள் தனியாகப் படிப்பதும் வேண்டும், மறுக்கவில்லை. அது பகலில் நடக்கட்டும். இரவில் நீங்கள் வாசியுங்கள்.

தமிழுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் "போயிட்டான்" என்கிறோம், புத்தகத்தில் "போய்விட்டான்" என்று இருக்கிறது. "வர்றேன்" என்கிறோம், "வருகிறேன்" என்று படிக்கிறோம். தமிழே பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்துத் தமிழ் பாதி அந்நியம்தான். உங்கள் மகளுக்கோ வீட்டில் படுகு, கோத்தகிரி பஸ்ஸிலும் கடையிலும் பேச்சுத் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தமிழ்ப் பாடத்தில் எழுத்துத் தமிழ். இந்தக் கடைசி மொழியை அவள் எங்கே காதால் கேட்கிறாள்? டிவிச் செய்தியில் கேட்டால் உண்டு. காதில் விழாத மொழியை எழுத்தில் படித்துப் புரிந்துகொள் என்றால் எந்தப் பிள்ளைதான் திணறாது?

அரபு மொழியிலும் இதே நிலைமை. பேசுவது ஒன்று, எழுதுவது வேறு. இஸ்ரேலில் அரபு பேசும் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து மொழியிலேயே கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1993-ல் அது வெளியானது. சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கிய அரபு புரியாது என்பதுதான் அதற்குமுன் பலருடைய எண்ணம். ஆய்வு காட்டியது வேறு. அப்படிக் கேட்ட பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள்.

ஆகவே பெரியவளுக்கு வாசிக்கும்போது அச்சில் இருப்பதை உள்ளபடியே வாசியுங்கள். நம்மில் பலர் வரிக்கு வரி பேச்சுத் தமிழாக மாற்றிக்கொண்டே போகிறோம். பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டும் என்ற அன்புதான் அது. ஆனால் எந்த மொழி அவள் காதில் விழ வேண்டுமோ அதைத்தான் அப்போது வடிகட்டிவிடுகிறோம். புரியாத இடத்தில் அவளே கேட்பாள். அங்கே நிறுத்தி, படுகிலேயே விளக்கிவிட்டு மேலே போங்கள்.

படுகில் விளக்கினால் குழம்பிவிடுவாள் என்பது மிஸ்ஸின் பயம். உங்கள் மகளை ஒரு நாள் கவனித்தாலே போதும். பாட்டியிடம் படுகு, கடைக்காரரிடம் தமிழ், மிஸ்ஸிடம் ஆங்கிலம் என்று யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியும். நடுவில் ஒரு மொழிச் சொல் இன்னொன்றில் கலந்து வரும். பல மொழி கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு அது இயல்பு. நோயும் அல்ல, பின்னடைவும் அல்ல. நீலகிரியில் தலைமுறை தலைமுறையாகப் படுகரும் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் அறிந்திருக்கிறார்கள். இந்த மலையில் வளர்கிற ஒரு பிள்ளையைப் பார்த்து "மூன்று மொழி தாங்காது" என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதைவிட வருத்தம், வீட்டு மொழி படிப்புக்குத் தடை என்ற எண்ணம் ஒரு தாயின் மனத்தில் விதைக்கப்படுவது.

ஆங்கிலப் புத்தகமும் வாசியுங்கள், தாராளமாக. உங்களுக்கு எந்த மொழியில் நாக்கு சரளமாகப் புரள்கிறதோ அதில் அதிகம் வாசியுங்கள். தடுமாறி, பயந்து, உச்சரிப்பு சரியா என்று யோசித்தபடி வாசிக்கும் அரை மணி நேரத்தைவிட, சந்தோஷமாக வாசிக்கும் பத்து நிமிடம் பிள்ளைக்குப் பயன்படும். கதை எப்படி நகரும், சொல்லாமல் விட்டதை எப்படி ஊகிப்பது என்று தமிழில் கற்றுக்கொண்டதை அவள் ஆங்கிலம் படிக்கும்போது திரும்பவும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் வாசிப்பு நின்றுபோவது இதனால்தான். கரடி குகைக்குள் போகப் போகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்போது அப்பாவோ அம்மாவோ புத்தகத்தை மடக்கி, "குகைன்னா என்ன? சொல்லு பார்ப்போம். ஸ்பெல்லிங்?" என்று கேட்பார்கள். அத்தோடு கதை போயிற்று. அது இன்னொரு டியூஷன் ஆகிவிட்டது. நாளைக்கு நீங்கள் கூப்பிட்டால் அவளுக்குத் தூக்கம் வரும். பேசவே கூடாது என்று சொல்லவில்லை. "ஐயோ, உள்ளே போகுதே, என்ன ஆகும்?" என்று நீங்களும் அவளோடு சேர்ந்து கவலைப்படுங்கள். பதில் தெரிந்தவர் தெரியாதவரைச் சோதிப்பது ஒரு வகை, இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்பது வேறு வகை. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

சின்னவன் ஒரே புத்தகத்தைக் கேட்கிறானா? அதையே வாசியுங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2011-ல் வெளிவந்தது. புதுச் சொற்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், அவற்றைக் கேட்ட தடவையும் ஒன்றுதான். ஆனால் சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, சிலருக்கு வெவ்வேறு கதைகள். ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள்தான் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை என்ன நடக்கிறது என்பதிலேயே கவனம் போய்விடுகிறது, அப்புறம்தான் சொல்லும் படத்தின் மூலையும் கண்ணில் படுகின்றன. உங்களுக்குச் சலிப்பாக இருக்கும், தெரியும். நீங்கள் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அவன் பிடித்து நிறுத்துகிறானா என்று பாருங்கள். நிறுத்தினால், அந்தப் புத்தகம் அவன் மனத்தில் குடியேறிவிட்டது என்று பொருள். அவனுக்கு முதலில் படுகில் சொல்லி, கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடி வாசிக்கலாம். நாலு வயதுக்கு இதெல்லாம் சீக்கிரம் என்று யாராவது சொன்னால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லி 2014-லேயே அறிவுறுத்தியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

போனில் கதை போட்டுக் கொடுக்கலாமே என்பவர்களும் உண்டு. பிள்ளை படத்தில் ஒரு காட்டெருமையைத் தொட்டுக் காட்டி, "நம்ம தோட்டத்துக்கு வந்ததே, அதுவா?" என்று கேட்டால் போன் நிற்காது. நீங்கள் நிற்பீர்கள்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, ஒருவர் படிக்க வீடே கேட்பது நமக்குப் புதிதில்லை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் ராகம் போட்டு வாசிக்க, தெருவே உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. டீக்கடையில் ஒருவர் தினசரியைச் சத்தமாகப் படிக்க நாலு பேர் கேட்டதைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டவர்கள் யாரும் சோம்பேறி ஆகவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் எழுத்தின் மேல் ஆசை வந்தது. பச்சை இலையை ஃபேக்டரிக்கு ஏற்றிவிட்டுக் களைத்து வருவீர்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு இரவு நீங்கள் வாசியுங்கள். வாசிப்பு திக்கினாலும் பரவாயில்லை. அப்பாவும் ஒரு சொல்லில் நின்று திரும்பப் படிக்கிறார் என்று பார்த்தால் மகளுக்குத் தன் திணறல் அவமானமாகத் தெரியாது. குறிப்பாக மகன் உங்கள் குரலில் கதை கேட்க வேண்டும். புத்தகம் அம்மாவின் வேலை என்று அவன் நினைத்து வளரக் கூடாது. பாட்டி வீட்டில் இருந்தால், எழுத்துத் தெரியாவிட்டாலும் அவரையும் அழையுங்கள். சொல்லே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் உண்டு. அவர் படத்தைப் பார்த்துத் தன் போக்கில் படுகில் சொல்லட்டும்.

எப்படி வாசிப்பது என்று அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக வாசியுங்கள், நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. பக்கத்தைச் சின்னவன் புரட்டட்டும். ஐப்பசி மழை தகரத்தில் கொட்டும்போது கத்தி வாசிக்க வேண்டாம், நெருங்கி உட்கார்ந்தால் போதும். பெரியவளுக்கு நீளக் கதை ஒன்றைப் பகுதி பகுதியாக வாசித்து, முக்கியமான இடத்தில் நிறுத்துங்கள். அவள் மறுநாள் மாலை அந்தப் புத்தகத்தை எடுத்துத் தானே மேலே படிக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள். கணவர் கேட்டது அதைத்தானே.

புத்தகத்துக்குப் பெரிய செலவில்லை. அரசு கிளை நூலகத்தில் பிள்ளைகள் பெயரிலேயே உறுப்பினராகச் சேருங்கள். 1957-ல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டும் குறைந்த விலையில் புத்தகம் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கலாம், வேறு மொழிக்கு மாற்றவும் அனுமதி உண்டு. அதில் சின்னவனுக்குப் பிடித்த ஒன்றை அச்செடுங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பாட்டி படுகில் சொல்கிற வரியைப் பெரியவளை விட்டுத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை தம்பிக்கு அதை அவள் வாசித்துக் காட்டட்டும்.