மகள் சொன்னதை ஏன் காதில் வாங்கவில்லை?

கேள்வி: எலும்பு முறிவு வார்டில் ஆறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த 76 வயதுப் பெரியவர் ஒருவர் மூன்று இரவுகளாக என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். மாத்திரையைத் தட்டிவிடுகிறார், நேற்று கையில் நகம் பதியக் கிள்ளிவிட்டார். பகல் டியூட்டிக்காரர்களிடம் ஒரு வம்பும் இல்லை, சாதுவாகத் தூங்குகிறார். மகளைக் கேட்டால், "எங்க அப்பா இப்படிப் பேசுறவரே இல்லை சிஸ்டர்" என்று பூசி மெழுகுகிறார். இப்படிப்பட்டவர்களைச் சகித்துக்கொள்ள என்ன வழி?

பதில்: அந்தப் பெண் எதையும் பூசி மெழுகவில்லை. வார்டில் உங்கள் யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார். பிறந்ததிலிருந்து பார்த்த அப்பா திடீரென்று வேறு ஆளாகிவிட்டார் என்கிறார். நீங்கள் அதை வக்காலத்து என்று எடுத்துக்கொண்டீர்கள். பிரஷரும் பல்ஸும் சார்ட்டில் இருக்கும். இந்த மனிதர் போன வாரம் வரை எப்படிப் பேசினார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். குடும்பத்தின் பேச்சைத் தொந்தரவாக நினைக்கிற நர்ஸ் பாதி நோயாளியைத்தான் பார்க்கிறார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் எழுதியதையே சேர்த்துப் பாருங்கள். வயதானவர், இடுப்பெலும்பு ஆபரேஷன், இரவில் ரகளை, பகலில் தூக்கம், வீட்டில் இல்லாத குணம். டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வருகிற புத்திக் குழப்பம், என்று சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்? 4ஏடி என்று ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. அதில் மொத்தம் 4 மதிப்பெண் வந்தாலே டெலிரியமாக இருக்கலாம் என்று கணக்கு. திடீரென்று வந்த மாற்றம், அல்லது ஏறி இறங்கும் மாற்றம் என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே 4. மகளின் அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. பகலில் சாதுவாகத் தூங்குவதும் அதே கோளாறாக இருக்கலாம். சத்தம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தீர்களா? கதீட்டரை, அதாவது சிறுநீர்க் குழாயை, எடுத்த பிறகு சிறுநீர் இறங்காமல் வயிறு கல்லாகிக் கிடக்கிற முதியவர் அமைதியாகவா படுத்திருப்பார்? ஆக்சிஜன், சர்க்கரை, காய்ச்சல் பார்த்தீர்களா? மலம் போய் எத்தனை நாள்? வலி மருந்து போதவில்லையா, இல்லை அந்த மருந்தேதான் குழப்புகிறதா? குடிப்பழக்கம் உண்டா என்று மகளிடம் தனியாகக் கேட்டீர்களா? குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கை நடுக்கத்தோடு இதே நிலை வரும், அது உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்குக் கழற்றிய மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் இன்னும் பைக்குள்ளேயே கிடக்கின்றனவா? அரை இருட்டில் யாரென்றே தெரியாத ஒருவர் வாயருகே மாத்திரையோடு குனிந்தால் யாருமே தட்டித்தான் விடுவார்கள்.

டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு, "பேஷண்ட் ரகளை பண்றார், ஊசி ஏதாவது போடலாமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஊசிதான் வரும், காரணம் அப்படியே கிடக்கும். தூக்க மருந்து குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். கையைக் கட்டிப்போட்டாலும் அதே கதிதான். "ஆபரேஷன் ஆகி நாலு நாள், புதுசா குழப்பம், ராத்திரி அதிகம், வீட்டில் இப்படி இருந்ததே இல்லையாம், வந்து பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்கள்.

சரி, புத்தி தெளிவாக இருந்துகொண்டே வாய் நீளுகிறவர்களும் உண்டு. அவர்களைச் சகித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். "இப்படிப் பேசினால் நான் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று நிதானமாகச் சொல்லி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். கை நீட்டினால், குழம்பியவரோ தெளிந்தவரோ, அந்த டியூட்டி முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். அடுத்த முறை இருவராகப் போங்கள். நகம் பதிந்ததை ரிப்போர்ட் செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுவும் தப்புதான்.

இது அச்சாகும்போது பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னும் வார்டில் இருந்தால், மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே நோட்ஸில் எழுதுங்கள். இரவில் யாராவது தங்க முடியுமா என்று கேளுங்கள். தெரிந்த குரல் பக்கத்தில் இருந்தால் குழப்பம் தணிய உதவும். பெற்றவர் இந்த நிலையில் கிடக்கும்போது பிள்ளைகள் முறை வைத்தாவது கூட இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். அதை மகளிடம் சொல்லத் தயங்காதீர்கள். அப்புறம், அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்டு, அடுத்த டியூட்டிக்கு வருகிற சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.