இத்தாலியின் டஸ்கனியில் சியன்னா, மொண்டால்சினோ, பியென்சா, மொண்டெபுல்சியானோ: நான்கு ஊரையும் வைன், சாப்பாட்டோடு ஒரே நாளில் பார்க்க முடியுமா?

சுற்றிவிடலாம், ருசிக்க முடியாது. சியன்னாவில் தங்கி வாடகைக் கார் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வைன் ருசிக்கக் கொடுக்கும் ஓர் இடத்தில் 5 மாதிரி, தலா 40 மி.லி. ஊற்றினாலும் மூன்று இடத்தில் 600 மி.லி. ஆகிவிடும். போதையை விடுங்கள், இந்தப் பக்கத்துச் சாஞ்சோவேசே திராட்சையில் துவர்ப்பு அதிகம். பத்தாவது மாதிரிக்குள் பாக்கு மென்ற வாயாகிவிடும். அதன்பிறகு நல்ல வைனும் சுமாரான வைனும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஓர் ஊர், இரண்டு இடம் போதும். வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், குறைவாகக் குடிக்கத்தான் சொல்கிறேன்.

மொண்டால்சினோவின் சிவப்பு வைன்களில் முதலில் இளசான ரோஸ்ஸோ, பிறகு அதைவிட அதிக நாள் வைத்த புருனெல்லோ, கடைசியில் இன்னும் நாள்பட்ட ரிசெர்வா. மூன்றும் அதே திராட்சைதான். புருனெல்லோ குறைந்தது 2 வருடம் மரப்பீப்பாயில் கிடந்து, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும்; 2020 அறுவடை 2025இல் வந்தது. வரிசையை மாற்றினால் ரோஸ்ஸோ தண்ணீராகத் தெரியும்.

மொண்டெபுல்சியானோவில் கேட்க வேண்டியது வினோ நோபிலே என்ற உள்ளூர்ச் சிவப்பு வைன். 'மொண்டெபுல்சியானோ த அப்ரூட்சோ' என்ற பாட்டிலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை, அங்கே அது திராட்சையின் பெயர்.

பியென்சாவுக்குச் செம்மறிப்பால் பெக்கோரினோ சீஸுக்காகப் போங்கள். சீஸின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். கூட வரும் ரொட்டியில் உப்பு இருக்காது. சமையல்காரர் மறக்கவில்லை, டஸ்கனி வழக்கமே அதுதான்.

சைவமா? 'பீச்சி அல் அல்யோனே' கேளுங்கள். மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், தக்காளி, பெரிய பூண்டு. மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். ரிபொல்லித்தா காய்கறி சூப்பில் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். பெக்கோரினோவை உறைய வைப்பது பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட், கறாரான சைவத்துக்கு ஆகாது. இவ்வளவு இருக்க, நம்மூர்ப் பாக்கேஜ் டூர்கள் ராத்திரி ஆனால் பனீர் பட்டர் மசாலாவுக்கு இழுத்துக்கொண்டு போவது எனக்கு ஆறவே ஆறாது. மதியம் இரண்டரைக்கு மேல் பல அடுப்படிகள் மூடிவிடும், அதையும் இவர்கள் சொல்வதில்லை.

நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் கூடாது. லைசென்ஸ் வாங்கி 3 வருடம் ஆகாதவருக்குப் பூஜ்யம். 'இசட்.டி.எல்' (ZTL, அனுமதியில்லாத கார்கள் நுழையக் கூடாத பகுதி) பலகை தாண்டிப் பழைய ஊருக்குள் காரை விட்டால் கேமரா பிடிக்கும், ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள்.

இந்தியா திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் சுங்கவரி இல்லை. 750 மி.லி. பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது எல்லை தாண்டும்.