இருபதில் ஏழு

வணக்கம் ஐயா,

யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸுக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிறேன். பதினோரு மாதமாக ஒரு நாள் விடாமல் காலையில் செய்தித்தாள் படித்துவிட்டு, அன்று இரவே ஆன்லைனில் பத்து நடப்பு நிகழ்வுக் கேள்விகள் போடுகிறேன். பத்துக்கு ஏழு, எட்டு வந்துவிடும். போன வாரம் முழு மாக் டெஸ்ட் ஒன்று எழுதினேன். அதில் நடப்பு நிகழ்வு சார்ந்தவை 22. இரண்டை விட்டுவிட்டேன். எழுதிய 20-இல் 7 சரி, 13 தவறு. எல்லாம் படித்த செய்திகள்தான். படித்தது ஞாபகம் வருகிறது, விடை வரவில்லை. தினமும் இருபத்தைந்து கேள்வியாக உயர்த்தினால் சரியாகுமா? 'எத்தனை கூற்றுகள் சரி' என்று கேட்கும் கேள்விகளில் எலிமினேஷனும் (தவறான விடைகளைத் தள்ளிச் சரியானதைப் பிடிப்பது) கைகொடுக்கவில்லை. வீட்டில் தமிழ்ப் பத்திரிகை மட்டும்தான் வாங்குகிறோம், அதுவும் ஒரு காரணமா? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ம் எழுதப்போகிறேன். இரண்டுக்கும் ஒரே பயிற்சி போதுமா?

ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

இருபத்தைந்தாக உயர்த்த வேண்டாம், குறைக்கத்தான் வேண்டும்.

முதலில் உங்கள் மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியான விடைக்கு 2, தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. 7 சரிக்கு 14 கிடைத்தது, 13 தவறுக்கு ஏறத்தாழ 8.6 போனது. கையில் நின்றது 5.4. இதே இருபது கேள்விகளையும் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'பி' என்று வட்டத்தை நிரப்பியிருந்தால் சராசரியாக 5 சரியாக இருக்கும், 15 தவறாகும். பத்து வந்து பத்து போய்ப் பூஜ்யம். உங்கள் பதினோரு மாதப் பயிற்சி குருட்டடியைவிட இரண்டே விடைகள்தான் கூடுதலாகத் தந்திருக்கிறது. கசப்பான கணக்குதான். ஆனால் பழுது உழைப்பில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது என்பதையும் இதே கணக்குதான் காட்டுகிறது.

இரவு வினாடி வினாவில் ஏழு, எட்டு எப்படி வருகிறது? அந்தக் கேள்விகள் அன்றைய செய்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை. காலையில் படித்த சொற்கள் இரவில் அப்படியே எதிரே வந்து நிற்கின்றன. தவறான விடைகளும் பெரும்பாலும் பார்த்தவுடன் தள்ளிவிடக்கூடியவை. அங்கே சோதிக்கப்படுவது பன்னிரண்டு மணி நேர ஞாபகம். தேர்வை நடத்தும் ஆணையம் சோதிப்பது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஞாபகத்தை. அதைவிட முக்கியம், அது செய்தியைக் கேட்பதில்லை. செய்திக்கு ஒரு படி பின்னால் இருப்பதைக் கேட்கிறது.

2022 பிரிலிம்ஸைப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 2 அன்று குஜராத்தின் கிஜாடியாவும் உத்தரப் பிரதேசத்தின் பகிராவும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. நாட்டின் எண்ணிக்கை 49 ஆனது. அந்த இரண்டு பெயர்களும் எல்லா மாத இதழ்களிலும் கட்டம் கட்டி வந்தன. ஜூன் 5 அன்று வந்த கேள்வியில் இரண்டுமே இல்லை. ஹோகேரா பஞ்சாபில், ரேணுகா இமாசலத்தில், ருத்ரசாகர் திரிபுராவில், சாஸ்தாம்கோட்டை தமிழ்நாட்டில் என்று நான்கு இணைகளைக் கொடுத்து, எத்தனை சரி என்று கேட்டார்கள். நான்குமே 2002, 2005-இல் பட்டியலுக்குள் வந்தவை. ஹோகேரா காஷ்மீரில், சாஸ்தாம்கோட்டை கேரளத்தில் இருக்கின்றன. ஆக இரண்டு சரி. புதிய பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்தச் செய்தியால் ஒரு பயனும் இல்லை. செய்தி வந்த அன்றே பழைய பட்டியலை எடுத்து மாநிலவாரியாக ஒருமுறை பார்த்தவருக்கு 2 மதிப்பெண்.

அதே தாளில் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசம் போனது. பல மாதம் அதுவே தலைப்புச் செய்தி. கேள்வியில் தாலிபான் கிடையாது. அஜர்பைஜான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகியவற்றில் எவை ஆப்கானிஸ்தானுடன் எல்லை கொண்டவை? கடைசி மூன்று. நிலப்படத்தைத் திறந்தால் பத்து வினாடி வேலை. (இந்திய அரசின் கணக்குப்படி நமக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் 106 கி.மீ. எல்லை உண்டு. அந்தப் பகுதி பாகிஸ்தான் ஆக்கிரமிப்பில் இருக்கிறது. இதுவும் ஒரு கூற்றாக வரத் தகுதியானதுதான்.)

ஆகவே பயிற்சியைத் தலைகீழாக்குங்கள். கேள்விக்கு விடை தேடுவதைக் குறைத்து, நீங்களே கூற்று எழுதுங்கள், குறிப்பாகத் தவறான கூற்றுகளை. வாரத்துக்கு மூன்று செய்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கூற்று, அதில் இரண்டு தவறு. மொத்தம் பன்னிரண்டு. ஒரு செய்திக்கு அரைத் தாள் போதும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதல் மாதம் ஒன்றரை மணிகூட ஆகலாம், பரவாயில்லை.

தவறான கூற்று எழுதுவது எளிதாகத் தோன்றும். உட்கார்ந்தால் தெரியும். ஒரு சரியான வாக்கியத்தில் எந்த மூட்டைக் கழற்றினால் படிப்பவர் கவனிக்கமாட்டார் என்று யோசிக்க வேண்டும். ஆணையம் கழற்றும் மூட்டுகள் ஒன்றும் ஆயிரம் இல்லை. எண், ஆண்டு, இடம், எந்த அமைச்சகம், அரசியலமைப்பு அமைப்பா சட்டப்படியான அமைப்பா வெறும் நிர்வாக ஆணையா, கட்டாயமா விருப்பமா, பிறகு 'மட்டும்', 'எல்லா', 'ஒருபோதும்' போன்ற சொற்கள். 2021-இல் வந்த பாரத ரத்னா கேள்வியில் மூன்று மூட்டுகள் ஒரே இடத்தில் கழன்றிருந்தன. இந்த விருதுகள் அரசியலமைப்பின் 18(1) பிரிவின்படி பட்டங்கள் என்றது முதல் கூற்று. பட்டங்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. பத்ம விருதுகள் ஒரே ஒரு முறை நிறுத்தப்பட்டன என்றது இரண்டாவது. 1978, 79-இல் ஒரு முறை, 1993 முதல் 97 வரை இன்னொரு முறை. பாரத ரத்னா ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து என்றது மூன்றாவது. விதி சொல்வது மூன்று. (2024-இல் ஐந்து பேருக்கு அறிவித்தார்கள். இதைப் படித்துவிட்டு விதியே ஐந்து என்று நினைப்பவர் நிச்சயம் இருப்பார்.) மூன்றுமே தவறு. இதற்கு மேல், எவை 'சரியல்ல' என்பதுதான் கேள்வி. மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டு மதிப்பெண்ணை இழக்கலாம்.

ராம்சரையே எடுத்து எழுதிப் பார்ப்போம். 'தாழ்நீர் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதியும் ராம்சர் வரையறைப்படி ஈரநிலமே' என்பது சரி. நம்பமுடியாதபடி இருக்கிறது, ஆகவே நல்ல கூற்று. 'மான்ட்ரே பதிவேட்டில் சேர்க்கப்பட்ட இடம் ராம்சர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்' என்பது தவறு. சூழல் கெட்டுவருகிறது என்று குறித்துவைக்கும் ஏடு அது. கேவலாதேவும் லோக்தாக்கும் இரண்டிலும் இருக்கின்றன. 'தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம் கோடியக்கரை' சரி, 2002. நான்காவதாக, 'நம் நாட்டின் 2017 ஈரநில விதிகளின்படி நெல் வயல்களும் ஈரநிலமே.' இது தவறு, ஆனால் பலர் விழுவார்கள். ராம்சர் உடன்படிக்கையின் வரையறை நெல் வயலை உள்ளே சேர்க்கிறது, நம் நாட்டு விதி விலக்குகிறது. இப்படி இரண்டு ஆவணங்கள் முரண்படும் இடத்தைக் கண்டால் விடாதீர்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. தவறான வாக்கியத்தை எழுதி, இருபது நாள் கழித்துப் படித்தால், அதுவே எங்கோ படித்த உண்மை போல மனத்தில் உட்கார்ந்துவிடும். ஆகவே தவறான கூற்றைத் தனியாக விடக்கூடாது. பக்கத்திலேயே சிவப்பு மையில் சரியானதையும் எழுதுங்கள். திரும்பப் படிக்கும்போது அந்தப் பக்கத்தை மடித்து மறைத்துக்கொண்டு விடை சொல்லிவிட்டு, பிறகு திறந்து பாருங்கள். எழுதிய இருபதாம் நாள் ஒருமுறை, அறுபதாம் நாள் ஒருமுறை. கூடப் படிக்கும் நண்பர் இருந்தால் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். பிறர் எழுதிய தவறில் நீங்கள் விழுந்தால் அதுதான் உண்மையான சோதனை.

ஆன்லைன் வினாடி வினாவைக் கைவிட வேண்டியதில்லை. அன்றன்று போடாதீர்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் பழையதாகட்டும். அப்புறம் வெவ்வேறு நாளின் கேள்விகளைக் கலந்து 25 எடுத்து, 30 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். உண்மைத் தேர்விலும் 100 கேள்விக்கு 120 நிமிடம், அதே வேகம். மதிப்பெண் முதலில் பத்துக்கு நான்காக விழும். அதுதான் உங்கள் உண்மையான அளவு.

விடை குறிக்கும்போதே பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் உ, இரண்டில் ஒன்று என்ற சந்தேகமானால் இ, குருட்டடியானால் கு. இருநூறு கேள்வி சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் எத்தனை சரி என்று எண்ணுங்கள். நான்கில் ஒன்றுக்கு மேல் சரியானால் அந்த வகையில் எழுதுவது லாபம், அதற்குக் கீழே போனால் நஷ்டம். பலருக்கு 'இ' நன்றாகவே இருக்கும், 'உ'-வில்தான் ஓட்டை. உறுதி என்று நினைத்தவற்றில் பத்தில் மூன்று தவறினால், அரைகுறையாகப் படித்ததை முழுதாகத் தெரியும் என்று நம்புகிறீர்கள் என்று பொருள். தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் ஒரே சொல்லில் எழுதுங்கள்: படிக்கவில்லை, மறந்தேன், கேள்வியைத் தப்பாக வாசித்தேன். இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தப்பாக வாசிப்பவர் இன்னும் பத்துப் பத்திரிகை படித்தாலும் பயனில்லை. 'சரியல்ல', 'மட்டும்' போன்ற சொற்களுக்குக் கீழே பென்சில் கோடு போடும் பழக்கம் வந்தாலே அவருக்குச் சில மதிப்பெண்கள் கூடும்.

'எத்தனை' வகைக் கேள்விகள் 2023-இல்தான் கொத்துக் கொத்தாக வந்தன. விடைகள் 'ஒன்று மட்டும்', 'இரண்டு மட்டும்', 'மூன்றும்', 'எதுவுமில்லை' என்றே இருக்கும். எந்தக் கூற்று சரி என்று விடையில் இல்லாததால் பழைய எலிமினேஷன் அங்கே செல்லாது. ஆனால் கணக்கு செல்லும். மூன்று கூற்றில் இரண்டு தெரிந்தால் மிஞ்சுவது இரண்டு விடைதான், தயங்காமல் எழுதலாம். ஒன்றே ஒன்று சரியென்று தெரிந்தால் 'எதுவுமில்லை' விழுந்துவிடும். மீதி இரண்டையும் நாணயம் சுண்டுவதாக வைத்துக்கொண்டால் 'இரண்டு மட்டும்' என்பதற்குப் பாதி வாய்ப்பு, மற்ற இரண்டுக்கும் கால் கால். தெரிந்த ஒன்று தவறானால் அதே கணக்கில் 'ஒன்று மட்டும்' முந்தும். இதைக் கடைசிக் கைத்தடியாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுதுபவர் நாணயம் சுண்டுவதில்லை. அதே 2023-இல், செய்தியில் வரும் பகுதிகளுக்குக் காரணம் பொருத்தும் ஒரு கேள்வியில், வடக்கு கிவுவும் இதூரியும் ஆர்மீனியா-அஜர்பைஜான் போருடன், நாகோர்னோ-கராபாக் மொசாம்பிக் கலகத்துடன், கெர்சனும் சபோரிஷியாவும் இஸ்ரேல்-லெபனான் தகராறுடன் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூடச் சரியில்லை. இங்கே கைத்தடி உங்களை நேராகக் குழிக்குள் விட்டிருக்கும். காப்பாற்றியிருக்கக்கூடியது, செய்தியில் வரும் ஊர்ப்பெயர்களை அன்றன்றே நிலப்படத்தில் தேடும் பழக்கம்.

தமிழ்ப் பத்திரிகை குறையே இல்லை. முதன்மைத் தேர்வான மெயின்ஸைத் தமிழில் எழுத எண்ணினால் அது பலம்கூட. ஆனால் பிரிலிம்ஸ் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். சிக்கல் கலைச்சொல்லில். 'நாடாளுமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று படித்துவிட்டு, கூட்டத்தொடர் முடிந்தது என்று விட்டுவிடுவோம். அது சைனே டை ஒத்திவைப்பு, அவைத் தலைவர் செய்வது. கூட்டத்தொடரை முடித்துவைப்பது ப்ரொரோகேஷன், குடியரசுத் தலைவர் செய்வது. கலைப்பு என்பது மக்களவைக்கு மட்டும். மூன்றும் தமிழ்ச் செய்தியில் ஒன்றுபோல் ஒலிக்கும், தேர்வில் மூன்றும் வேறு கூற்றுகள். தாளில் கூற்று எழுதும்போது ஆங்கிலச் சொல்லையும் கூடவே எழுதிவிடுங்கள்.

குரூப் 1 தனி ரகம். 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தமிழிலும் தாள் வரும், நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆகவே உ, இ, கு கணக்கு அங்கே தேவையில்லை. ஏ முதல் டி வரை நான்கு விடைகள், 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஆங்கில E. அந்த ஐந்தாவதை நிரப்புவதால் ஒரு மதிப்பெண்ணும் வராது, ஊகித்துத் தவறினாலும் ஒன்றும் போகாது. விருது பெற்றவர், புதிய நியமனம், மாநிலத் திட்டங்களின் தொடக்க ஆண்டு, ஊர் ஆகியவற்றுக்கு மட்டும் தனியே ஒரு நோட்டுப் போடுங்கள். யு.பி.எஸ்.சி.-க்கு அந்த நோட்டு பெரிதாக உதவாது, அதற்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கோச்சிங் சென்டர்களின் விடைகள் ஒன்றுக்கொன்று மோதும். செயலிகள் தானாக உருவாக்கும் கேள்விகளில் விடையே தவறாக இருப்பதும் உண்டு. பழைய ஆண்டுத் தாள்களுக்கு ஆணையமே தன் தளத்தில் வெளியிட்ட விடைகளை வைத்துக்கொள்ளுங்கள். திட்டம், சட்டம் பற்றிய சந்தேகத்துக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அறிக்கையையோ சட்ட வாசகத்தையோ பாருங்கள். முதல் வாரம் எழுதும் பன்னிரண்டு கூற்றுகளை, சரியானது எது என்று சொல்லாமல் எனக்கு அனுப்புங்கள். எதில் கழற்றிய மூட்டு வெளியே தெரிகிறது என்று குறித்து அனுப்புகிறேன்.