சொந்தமாகப் புத்தகம் போட்டால் எங்கே விற்பது? – கேள்வி பதில்

கொழும்பில் இருந்துகொண்டு சொந்தச் செலவில் புத்தகம் போட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

வெள்ளவத்தை: அக்கா, 140 பக்கச் சிறுகதைத் தொகுப்பு தயார். 500 பிரதி அடித்தால் ஒன்றின் விலை நன்றாகக் குறையும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அடிக்கட்டா?

பொறுங்கள் தங்கச்சி. ஒரு தாளை எடுத்து, இந்தப் புத்தகத்தை வாங்கக்கூடியவர்கள் யார், எங்கே வாங்குவார்கள் என்று எழுதுங்கள். வெளியீட்டு விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை கடை எடுக்கும், வெளியூரில் யார் விற்றுத் தருவார் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். பெரும்பாலும் 200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மிச்சம் 300 பிரதியும் கட்டிலுக்கு அடியில் கிடந்து, கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த "மலிவு" மலிவே இல்லை.

தகடு வைத்து அடிக்கும் ஓப்செட் அச்சில் தகடு செய்வதும் இயந்திரத்தை ஆயத்தப்படுத்துவதும் எத்தனை பிரதிக்கும் ஒரே செலவு. அதனால்தான் எண்ணிக்கை கூடும்போது விலை இறங்குகிறது. டிஜிட்டலில் அந்தச் செலவு இல்லை. 100 அடித்தாலும் 250 அடித்தாலும் ஒரு பிரதியின் விலை பெரிதாக மாறாது. முதல் தொகுப்புக்கு டிஜிட்டலில் 150 அல்லது 200 அடியுங்கள். விற்று முடிந்தால் மறுபடி அடிக்கலாம்.

பிறகு ஓப்செட்டுக்குப் போனால் 16 பக்கப் படிவக் கணக்கைப் பாருங்கள். படிவம் என்பது ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி. 140 பக்கம் 9 படிவத்தில், 144 பக்கமாகத்தான் வரும். மிஞ்சும் நாலு பக்கத்தை உள்ளடக்கத்துக்கோ உங்கள் மற்ற நூல்களின் விபரத்துக்கோ பயன்படுத்துங்கள். 146 பக்கமாக விட்டால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு படிவச் செலவு வந்து நிற்கும்.

கொட்டாஞ்சேனை: கடைக்காரர் நூற்றுக்கு 35 வீதம் கழிவு கேட்கிறார். இது அநியாயம் இல்லையா?

இல்லை ஐயா. 30 முதல் 40 வீதம் வரை வழமைதான். அவர் இடம், ஆள், மின்சாரம் எல்லாவற்றையும் அதில்தான் பார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் நாம் விலை போடும் விதத்தில் இருக்கிறது.

உதாரணமாக 300 பிரதிக்கு, ஒன்று 450 ரூபாய்ப்படி, மொத்தம் 135,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். விலை 900 போட்டால் கழிவு போக உங்கள் கைக்கு 585. போட்ட காசை எடுக்க 231 பிரதி விற்க வேண்டும். விலை 1,200 போட்டால் கைக்கு 780. 174 பிரதியில் முதல் திரும்பும். இலவசமாகக் கொடுக்கும் பிரதிகள், விமர்சனப் பிரதிகள், பழுதானவை எல்லாம் போனால் 231ஐ எட்டுவது மிகக் கடினம். ஆகவே அடக்க விலையின் இரண்டரை மடங்குக்குக் கீழே போக வேண்டாம்.

செட்டியார் தெரு, வெள்ளவத்தைக் கடைகளில் பூபாலசிங்கம், குமரன் போன்றவற்றுக்கு முதல் தடவை பத்துப் பத்தாகக் கொடுங்கள். விற்ற பிறகு காசு என்ற முறையில் கொடுத்தால் இரட்டைப் பிரதியில் சிட்டை எழுதி, திகதி, எண்ணிக்கை, கழிவு மூன்றையும் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணுங்கள். சிட்டை இல்லாமல் கொடுத்த புத்தகத்தின் காசு பெரும்பாலும் வராது. கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல, எத்தனை வாங்கினார் என்று அவருக்கே தெரியாது.

தெமட்டகொடை: ராத்தா, அமேசனில் போட்டால் மின்னூலும் அச்சுப் புத்தகமும் இரண்டும் கிடைக்குமா?

தமிழுக்கு மின்னூல் மட்டும்தான் தம்பி. அமேசனின் கின்டில் மின்னூலுக்கான மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அவர்களுடைய அச்சுப் புத்தகப் பட்டியலில் இல்லை. வேறு மொழி என்று குறித்து ஏற்றச் சொல்லி ஆலோசனை தருபவர்கள் உண்டு, கேட்காதீர்கள். நூல் தடுக்கப்படலாம், கணக்கும் சிக்கலில் விழலாம்.

உரிமத் தொகை 70 அல்லது 35 வீதம். 70 கிடைக்க விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருக்க வேண்டும், வாங்குபவரும் அவர்கள் குறித்த நாடுகளில் இருக்க வேண்டும். இலங்கை அதில் இல்லை. ஆகவே 3 டொலர் நூலைக் கனடாவில் வாங்கினால் 2.10 டொலர் அளவு, அதில் கோப்பின் பருமனுக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சுமார் 15 சதம் கழியும். கொழும்பில் வாங்கினால் 1.05தான். படங்கள் இருந்தால் சுருக்கிப் போடுங்கள்.

கணக்குத் திறக்கும்போது வரிப் படிவத்தைப் பாய்ந்து போகாதீர்கள். அமெரிக்க விற்பனையில் 30 வீதம் பிடிப்பார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தந்த உங்கள் வரி இலக்கத்தை இட்டு இலங்கை–அமெரிக்க உடன்படிக்கைச் சலுகையைக் கோரினால் அது 10 ஆகக் குறையும்.

இன்னொன்று: அமேசனுக்கு மட்டுமே மின்னூலைக் கொடுக்கும் திட்டமான கே.டி.பி. செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் "நூலகம்" தளத்துக்குக் கொடுக்க விரும்பினாலும் அந்தக் காலம் முடியட்டும்.

பம்பலப்பிட்டி: முழுதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டேன். அப்படியே ஏற்றலாமா?

முடியாது. வாசகரின் கருவியில் பாமினி இல்லாததால் வெறும் ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றியில் முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட வேண்டாம். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். அத்தியாயம் அத்தியாயமாக மாற்றி, ஒரு தடவை அச்சடித்துப் படியுங்கள்.

அச்சுக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போடுபவர், அதில் தமிழ் போன்ற எழுத்துக்களைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கொம்போசரைத் தெரிவு செய்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் "கெ", "கொ" எல்லாம் கொம்பு இடம் மாறி நிற்கும். அட்டைக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டு இடம் விடுங்கள். புத்தக முதுகின் அகலத்தை மட்டையடியாகப் போட வேண்டாம். அச்சகத்திலிருந்து அதே தாளை வாங்கி 72 தாளை அடுக்கி அளந்தால் 144 பக்கத்துக்கான முதுகு கிடைக்கும்.

கவிதை என்றால் மின்னூலில் வரிகளை இடைவெளிச் சாவியால் தள்ளாதீர்கள். சிறிய திரையில் எல்லாம் சிதறிப்போகும்.

தெஹிவளை: நூலுக்கான சர்வதேச எண், அதாவது ஐ.எஸ்.பி.என். எங்கே எடுப்பது?

கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். அச்சுக்கு அனுப்பும் முன்பே எடுங்கள், எண் உள்ளேயும் பின்னட்டையிலும் வர வேண்டும். நூலகங்கள் நூலைப் பட்டியலிட உதவும், நூல் வெளிவரு முன்னான பட்டியலாக்கத் தரவையும் அங்கேயே கேட்கலாம். கின்டில் மின்னூலுக்கு எண் கட்டாயமில்லை. அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் போடுவது பிழை.

அச்சகத்தார் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். அதற்கான ஐந்து பிரதியையும் உங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மட்டக்குளி: பண்டாரநாயக்க மண்டபப் புத்தகக் கண்காட்சியில் கடை எடுத்தால்?

ஒரு நூலுக்குத் தனிக் கடை கட்டுப்படியாகாது. செப்டெம்பர் கண்காட்சிக்குச் சில மாதம் முன்பே, கடை எடுக்கும் தமிழ்ப் பதிப்பகம் ஒன்றுடன் பேசி அவர்கள் மேசையில் வையுங்கள்.

கிருலப்பனை: ஒரு கம்பனி எல்லாம் செய்து தருகிறோம், முழுக் காசையும் முன்பே கட்டுங்கள் என்கிறது. நம்பலாமா?

கையெழுத்திடும் முன் நாலு விடயத்தை எழுத்தில் கேளுங்கள். ஐ.எஸ்.பி.என். யாருடைய பெயரில்? வடிவமைத்த மூலக் கோப்புகள் உங்களுக்குத் தரப்படுமா? எத்தனை பிரதி, எந்தத் திகதியில் கையில் வரும்? மின்னூல், மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. உங்கள் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிலைக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் "சகல உரிமையும்" என்று எழுதிக் கொடுத்தால் அது அவர்களிடம் போய்விடும். அந்தச் சொற்களை வெட்டி "இந்த அச்சுப் பதிப்புக்கு மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காசைக் கட்டாதீர்கள். கட்டுவதானாலும் மூன்று தவணையாக: கையெழுத்தில் ஒன்று, இறுதி மெய்ப்பைப் பார்த்து ஒன்று, புத்தகத்தை எண்ணி வாங்கியபின் மற்றது.